இரண்டு யூனிட்

ஓவ்லு நகரத்து டிசம்பரில்
காலை ஆறும் இருட்டு, மாலை ஆறும் இருட்டு.
எந்த ஆறு என்று ஜன்னலுக்குத் தெரியாது.
ருசீனாவுக்குத் தெரியும்.
காலித் தட்டை மூக்கால் தள்ளித் தள்ளி
அடுப்பின் கால்வரை கொண்டுவந்துவிடுவாள்.

ருசீனா என்றால் உலர்திராட்சை.
பெயர் வைத்த நாளில்
சர்க்கரை ஒரு நோயாக வருமென்று
யார் நினைத்தது.

முதலில் காது.
அரிசி நிரப்பிய காலுறையைச் சூடாக்கி
என் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து
அவள் காதில் வைக்க வேண்டும்.
விளக்குக்கு நேரே பிடித்தால்
இலை நரம்பு மாதிரி ஒரு கோடு ஓடும்.
கோட்டில் குத்தக் கூடாது,
கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே.
கடுகளவு சிவப்பு.
கருவி அதை உறிஞ்சி எண்ணத் தொடங்கும்,
ஐந்து, நான்கு, மூன்று.
நான் மூச்சு விடுவது அதற்குப் பிறகுதான்.

முதல் வாரம் பதினேழு பட்டைகள் பாழ்.
ரத்தம் வந்தால் பூனை இல்லை,
பூனை இருந்தால் ரத்தம் இல்லை.
இப்போது அவளே வந்து மடியில் ஏறி
காதைக் கொடுக்கிறாள்,
கடனை அடைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவள்போல.

பிறகு தட்டு. தின்றாளா என்று பார்த்த பின்பே
தோளில் தோலைக் கூடாரமாய்த் தூக்கி
இரண்டு யூனிட்.
பிறகு நோட்டு.
என் நீலப் பேனா, தவுனோவின் பென்சில்.
14.2. 11.8. ஒரு நாள் 19.6,
பக்கத்தில் பென்சிலில்:
"என் கரேலியப் பணியாரத்தின் கஞ்சியை நக்கிவிட்டாள்.
மேஜையில் வைத்தது நான்தான்."

அந்த நோட்டில் மட்டும்தான்
நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.
படகை என்னிடம் கேட்காமல் விற்றான்.
பதினொரு நாள்.
உப்பு வேண்டுமென்றால்கூட
எழுந்து போய் எடுத்துக்கொண்டோம்.

பதினொன்றாம் நாள் மாலை
பேனா குளிர்பெட்டிக்குப் பின்னால் விழுந்தது.
பிறகு எழுதலாம் என்று மாடிக்குத் துணி காயப்போடப் போனேன்.
தவுனோ பனியை உதறிக்கொண்டு வந்திருக்கிறான்.
நோட்டில் மாலைக் கட்டம் வெறுமை.
தின்றதை மறைத்துப் பசி நடிப்பதில்
அவளுக்கு நிகர் யாருமில்லை.

ஒன்பதரைக்கு அவள் நடந்தது நடையாக இல்லை.
பின்கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்.
கண் திறந்திருந்தது,
எங்களைப் பார்க்கவில்லை.
2.3.

"ரைலி," என்றான்.
"போட்டாயா?"
"போட்டேன்."
அவன் முகம் போன போக்கில்
அடுத்த சொல் தேவைப்படவில்லை.
ஆனாலும் சொன்னான்:
"நானும்."

நல்ல சேதி சொன்ன வாய்க்குச்
சர்க்கரை போடுவார்கள்.
ஒரு சத்தமும் போடாத இந்தச் சின்ன வாயைத் திறந்து
ஈற்றில் தேனைத் தடவினேன்.
அவன் தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கி
இரவு மருத்துவருக்கு எடையைச் சொன்னான்,
நேரத்தைச் சொன்னான்,
"இல்லை, இருவருமே" என்று மறுபடி மறுபடி சொன்னான்.
வலிப்பு வந்தால் உடனே கொண்டுவாருங்கள்,
இல்லையென்றால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காது.

2.9.
3.4.
3.1, அப்போது அவன் எழுந்து வெளியே போய்
கார் எஞ்சினை ஓட விட்டு வந்தான்.
மைனஸ் இருபத்திரண்டு.
4.0.
கோழிக்கூழை விரல் நுனியில் நீட்டினேன்.
விரலையும் சேர்த்துக் கடித்தாள்.
அந்தக் கடிக்கு நாங்கள் இருவரும் சிரித்தது
கொஞ்சம் அதிகம்தான்.

நாலு மணிக்கு 6.7.
காது முழுக்கப் புள்ளி புள்ளியாய்,
தையல் பிரித்த துணி மாதிரி.
கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
போய் அணைத்தேன்.

காலை ஊசி வேண்டாம் என்றார் மருத்துவர்.
தட்டு மட்டும் வைத்தோம்.
குளிர்பெட்டிக் கைப்பிடியில்
பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான்,
உப்பில் வெளுத்த ஆரஞ்சுக் கயிறு,
படகு முடிச்சு.
விற்றவன் கயிற்றை மட்டும் வைத்துக்கொண்டானா
என்று நான் கேட்கவில்லை.
விற்ற பணத்தில் எவ்வளவு
இந்தப் பட்டைகளுக்குப் போகிறது என்று
அவனும் சொல்லவில்லை.

மாலை ஆறு.
தட்டு அடுப்புக்கு வந்துவிட்டது.
"நீ குத்து, நான் பிடிக்கிறேன்," என்றான்.
காலுறையைச் சூடாக்கி
முதலில் அவன் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.